சுங்கை சிப்புட் மண்டபத்தில் பத்து நாள் கலைக் கண்காட்சி: எதை வைக்கலாம், எங்கே வைக்கலாம்?

கித்தாக்காடு:
தோட்டத்து வீடுகளில் இருக்கும் பழைய கலைப்பொருட்களை இரவல் வாங்கிப் பத்து நாளுக்கு மக்கள் பார்வைக்கு வைக்கத் திட்டம். இடம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் ஊரின் கோயில் மண்டபம். 60க்கு 40 அடி, தகரக் கூரை, மேற்குச் சுவரில் ஆறு ஜன்னல், எட்டு மின்விசிறி, டியூப் லைட். ஏர்கான் நான்கு உண்டு, ராத்திரி மண்டபம் பூட்டும்போது அணைத்துவிடுவார்கள். பக்கத்திலேயே சமையல்கூடம்.

சேர்ந்த பொருட்கள்: தஞ்சாவூர் ஓவியம் மூன்று, சட்டம் போட்ட ரவிவர்மா சாமிப் படங்கள் ஏழு, கண்ணாடி ஓவியம் இரண்டு, காஞ்சிபுரம் சேலை ஐந்து (இரண்டு மடிப்பிலேயே நைந்தவை), குத்துவிளக்கு, தூக்குவிளக்கு, வெள்ளிக் குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம், கறுப்பு லாபு சாயோங் (சுரைக்காய் வடிவ மண்குடம்) நான்கு. தோட்டத்து வாழ்க்கையைக் காட்ட ரப்பர் பால் பிடிக்கும் பால்மங்கு, மரம் சீவும் உளி, புகை போட்ட கித்தா (ரப்பர்) ஷீட்டு.

சேலைகளை வாசலில் ஜன்னல் ஓரமாக விரித்து, ஓவியங்களை மேற்குச் சுவரில் மாட்டி, வெள்ளிச் சாமான்களைக் கண்ணாடிப் பேழைக்குள் கித்தா ஷீட்டின் மேல் அடுக்கலாம் என்று ஒரு யோசனை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஒளியமைப்பு_ஈப்போ:
மூன்று யோசனையையும் மாற்ற வேண்டும், அண்ணே. முதலில் வெளிச்சத்தைப் பேசிவிடுகிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

பட்டு, காகிதம், பழைய புகைப்படம், நீர்வண்ணம் ஆகியவற்றுக்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் வரம்பு 50 லக்ஸ் (பொருளின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு). எண்ணெய் ஓவியம், மரத்தில் தீட்டியது 200 லக்ஸ் வரை தாங்கும். உலோகம், மண்பாண்டம், கல்லுக்கு வெளிச்சத்தால் பெரிய கெடுதல் இல்லை, சூடு மட்டும் ஏறக்கூடாது.

வெளிச்சம் செய்யும் சேதம் கூடிக்கொண்டே போகும், திரும்பாது. அதனால் லக்ஸை மணி நேரத்தால் பெருக்கிப் பாருங்கள். 50 லக்ஸில் தினம் எட்டு மணி நேரம், பத்து நாள் வைத்தால் 4,000 லக்ஸ் மணி. அதே சேலை ஜன்னல் ஓரத்தில் 1,500 லக்ஸ் வாங்கினால் 1,20,000. சரியாக வைத்திருந்தால் 300 நாள் காட்டக்கூடிய வெளிச்சத்தைப் பத்தே நாளில் செலவழித்துவிடுகிறோம். மேற்கு வெயில் நேராக விழுந்தால் இந்தக் கணக்குக்கே வேலையில்லை. அரக்குச் சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், அதுவும் மடிப்பின் மேல் பாகம் மட்டும் வெளுத்து வரி வரியாக நிற்கும்.

செய்ய வேண்டியது: ஆறு ஜன்னலையும் இரட்டைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். துணி சட்டத்தைத் தாண்டி நாலு பக்கமும் ஒரு சாண் வர வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் கோடாக வெயில் இறங்கும். டியூப் லைட்டை அணைத்துவிட்டு, வண்ணத்தைச் சரியாகக் காட்டும் (CRI என்ற வண்ணக் குறியீடு 90க்கு மேல் உள்ள) 3,000 கெல்வின், அதாவது இளமஞ்சள் ஒளி தரும், எல்இடி ஸ்பாட் விளக்குகளைப் போடுங்கள். வெளிச்சம் கூடுதலா? விளக்கைத் தள்ளி வையுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகும். மின்சாமான் கடையில் கிடைக்கும் சின்ன லக்ஸ் மீட்டரைப் பொருளின் மேல், விளக்கைப் பார்த்த மாதிரி பிடித்து அளக்க வேண்டும். கைப்பேசிச் செயலி போனுக்குப் போன் வேறு எண் காட்டும். இரண்டு இடத்தை ஒப்பிடலாம், 50 என்று அதை நம்பி வைக்க முடியாது.

இன்னொன்று. நடுப்பகல் வெயிலிலிருந்து உள்ளே வருகிறவர் கண்ணுக்கு 50 லக்ஸ் இருட்டாகத்தான் தெரியும், "என்னய்யா ஒண்ணுமே தெரியல" என்பார். கண் பழக ஐந்து நிமிடமாவது வேண்டும். ஆகவே வாசலில் விளக்குகளும் லாபு சாயோங்கும் 250 லக்ஸில். அடுத்து தஞ்சாவூர் ஓவியம் 150இல். கடைசியில், உள் மூலையில், சேலையும் அச்சுப் படங்களும் 50இல். மக்கள் நடந்து போகப் போக வெளிச்சம் இறங்க வேண்டும். சேலையை வாசலில் வைக்கவே கூடாது என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

பட்டுநூல்:
சேலை விஷயம் என் பக்கம்.

காஞ்சிபுரம் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குப் பொன்முலாம் கொடுத்தது. மடிப்பில் அந்தக் கம்பியின் விளிம்பே பட்டை அறுக்கும். அலமாரியில் வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த சேலை அந்த வரியிலேயே கிழிவது இதனால்தான். கொக்கியில் தொங்கவிட்டாலோ பொம்மைக்குக் கட்டினாலோ முந்தானையின் மொத்தப் பாரமும் நைந்த இடத்தில் விழும். நைந்த இரண்டையும் தொங்கவிட வேண்டாம், தம்பி.

காட்டும் முறை: 10 செ.மீ. விட்டமுள்ள கெட்டி அட்டைக் குழாய், நீளம் சேலை அகலத்தை விட இரு பக்கமும் 10 செ.மீ. கூட. அட்டையில் அமிலம் இருக்கும், அதனால் முதலில் அலுமினியத் தாளைச் சுற்றுங்கள். அதன்மேல் வெளுக்காத காடாத் துணி. கஞ்சி போக, மென்மையாக்கும் திரவம் எதுவும் சேர்க்காமல் இரண்டு முறை அலசிக் காய வைத்தது. சேலையை அமிலமில்லாத மெல்லிய தாளோடு சேர்த்து உருட்டி, முந்தானையும் ஒரு மீட்டர் உடலும் மட்டும் கண்ணாடிப் பேழைக்குள் 30 பாகைச் சாய்வான பலகையில் கிடத்துங்கள். மீதி குழாயிலேயே இருக்கும். குண்டூசி, ஸ்டேப்ளர், செலோடேப் மூன்றும் பக்கத்திலேயே வரக்கூடாது.

முந்தானை மட்டும் தெரிந்தால் போதுமா என்று கேட்பார்கள். கரையும் உடலும் தனித்தனி நிறத்தில் நெய்து பூட்டிய கோர்வை, முந்தானை சேரும் பெட்னி முடிச்சு, இரண்டுமே அந்த ஒரு மீட்டரில் வந்துவிடும். கோர்வை ஓரத்தில் நூல் பல்லுப்பல்லாகக் கோர்த்து நிற்பதைப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டி வையுங்கள். பேழைக்கு வெளியே, மூடியின் மேல். சேலையை ரசிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

வீட்டிலிருந்து வரும் துணியில் பூச்சி இருக்கலாம். ஒவ்வொன்றையும் பாலிதீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து, ஒட்டி, வீட்டு டீப் ஃப்ரீசரில் மைனஸ் 18 பாகையில் இரண்டு வாரம். வெளியே எடுத்த பிறகு 24 மணி நேரம் பையைத் திறக்காதீர்கள், நீர்த்துளி துணியில் இல்லாமல் பையின் வெளியே படியட்டும். மணி, கண்ணாடி, வண்ணப்பூச்சு உள்ள துணிக்கு இது வேண்டாம். ஓவியத்துக்கு வேண்டவே வேண்டாம். பூச்சிக்கு வைக்கும் ரசக் கற்பூர உருண்டை ஜரிகைமேல் உட்காரவே கூடாது.

கித்தாக்காடு:
வெள்ளை நூல் கையுறை இரண்டு டஜன் வாங்கியாகிவிட்டது. எல்லாரும் போட்டுக்கொள்ளலாம்தானே?

பட்டுநூல்:
சேலைக்கு வேண்டாம். நூல் கையுறையின் இழை ஜரிகையில் மாட்டி இழுக்கும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த கை, மோதிரம் வளையல் கழற்றி. அதுவே போதும்.

வெங்கலமணி:
உலோகத்துக்கும் நூல் கையுறை சரியில்லை, வியர்வை ஊறி வெளியே வரும், பளபளப்பான சாமான் வழுக்கும். நைட்ரைல் கையுறை வாங்குங்கள். கைரேகையின் உப்பு பித்தளையில் படிந்தால் சில வாரத்தில் ரேகையே கறுப்பாகப் பொறிந்துவிடும்.

இப்போது கித்தா ஷீட்டு. அந்தப் பேழை யோசனையைக் கைவிடுங்கள். ரப்பர் பாலை உறைய வைப்பதே ஃபார்மிக் அமிலம் ஊற்றித்தான். ஷீட்டில் எச்சமும் புகையின் அமிலமும் இருக்கும். மூடிய கண்ணாடிக்குள் அது ஆவியாகி நிற்கும், செம்பு, பித்தளை, ஈயம் எல்லாவற்றையும் அரிக்கும். ரப்பர் வளையம், ரப்பர் பாய், சூட்கேஸ் ரப்பர் இவை கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தியவை. வெள்ளிக்கு அதுதான் பகை, சிமிழ் மஞ்சளாகிப் பிறகு கறுத்துவிடும். கம்பளித் துணியும் கந்தகம் விடும். ஷீட்டு, மங்கு, உளி மூன்றையும் திறந்த மேசையில், பேழையிலிருந்து தள்ளி வையுங்கள். தொட்டுப் பார்க்க விடக்கூடிய ஒரே பகுதியும் அதுதான். சிறுபிள்ளைகள் அங்கே நிற்கட்டும்.

பேழையையும் பாருங்கள். எம்டிஎஃப் பலகையும் புது பிளைவுட்டும் ஃபார்மால்டிஹைடு, அசிட்டிக் அமிலம் விடும். புதிதாகச் செய்வதாக இருந்தால் பெயிண்ட் அடித்து மூன்று நான்கு வாரமாவது திறந்தபடி காயட்டும். அருங்காட்சியகங்களில் ஆடி சோதனை என்று ஒன்று உண்டு, 1973இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து ஆண்ட்ரூ ஆடி கொண்டுவந்தது. பலகைத் துண்டையும் வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளையும் கொஞ்சம் நீரோடு ஒரே குப்பியில் அடைத்து 60 பாகை சூட்டில் 28 நாள் வைத்துத் தகடு கெடுகிறதா என்று பார்ப்பது. உங்களுக்கு அவ்வளவு வசதி இல்லை. ஆனால் தேய்த்த செப்புத் துண்டு ஒன்றையும் வெள்ளித் துண்டு ஒன்றையும் பலகைச் சீவலோடு ஜாடியில் போட்டு, ஈரப் பஞ்சு வைத்து, இறுக மூடி மூன்று வாரம் வைத்தால் படுமோசமான பலகை காட்டிக்கொடுத்துவிடும்.

விளக்குகளைத் தேய்க்காதீர்கள்.

கித்தாக்காடு:
வாரா வாரம் புளி போட்டுத் தேய்த்து ஏற்றிய விளக்கு, அண்ணே. கறுப்பாக வைத்தால் கொடுத்தவர் மனசு சங்கடப்படும். கண்காட்சியில் பளிச்சென்று இருக்க வேண்டாமா?

வெங்கலமணி:
அப்படியானால் தேய்க்கலாமா கூடாதா என்பது வீட்டுக்காரர் கையில். பூஜையில் இருக்கும் விளக்கு என்றால் அவர் வழக்கப்படி அவரே தேய்த்துக் கொடுக்கட்டும், அதற்குப் பிறகு நாம் கை வைக்க வேண்டாம். பூஜையிலிருந்து நீங்கி அலமாரியில் கிடக்கும் விளக்கைத் தேய்ப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். புளியின் அமிலம் மேல்தோலைக் கரைக்கும். கடையில் விற்கும் பாலிஷில் அரைக்கும் தூளும் அம்மோனியாவும் இருக்கும், கொத்து வேலையின் இடுக்கில் வெள்ளைப் பொடியாக நின்றுவிடும், அன்னத்தின் கண்ணும் இறகின் கோடும் வருஷத்துக்கு வருஷம் மழுங்கும். திரிக்குழியில் உறைந்த எண்ணெய்க் கறையும் புகைத்தடமும் அந்த விளக்கு எப்படிப் பயன்பட்டது என்பதற்குச் சாட்சி. மென்மையான தூரிகையால் தூசு தட்டுங்கள், அவ்வளவே.

ஒரு எச்சரிக்கை: வெளிர்பச்சையில் பொடியாக உதிர்கிற புள்ளி தெரிந்தால் அது வெறும் களிம்பு இல்லை. குளோரைடு உள்ளே இருந்து அரிக்கிறது. அந்தப் பொருளைத் தனியாக, ஈரம் உறிஞ்சும் உலர்ந்த சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைத்துவிடுங்கள், காட்சிக்கு வேண்டாம்.

ஓவியச்சட்டம்:
மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம், சார். வெயில் குடித்துப் பகலில் சுடும், ராத்திரி மழையில் ஈரம் ஏறும். வெளிச்சுவர் எதிலும் ஓவியம் மாட்டாதீர்கள். மண்டபத்தின் நடுவே தனியாக நிற்கும் தட்டிகளில் மாட்டுங்கள்.

தஞ்சாவூர் ஓவியம் பெயருக்குத்தான் ஓவியம், உண்மையில் பல அடுக்கு. மரப்பலகை (பெரும்பாலும் பலா), அதன்மேல் ஒட்டிய துணி, அதன்மேல் சுண்ணப் பொடியும் பசையும் குழைத்த பூச்சு, மேடு கட்டிய இடத்தில் தங்க ரேக்கு, கண்ணாடிக் கற்கள், மீதி இடத்தில் வண்ணம். காற்றில் ஈரம் ஏறினால் மரம் உப்பும், இறங்கினால் சுருங்கும். மேலே இருக்கும் சுண்ணப் பூச்சுக்கு அந்த வளைவு கிடையாது. அது எழும்பும், வெடிக்கும், உதிரும்.

அதனால் ஏர்கானைப் பற்றி ஒரே வரி: பகலில் போட்டு ராத்திரி அணைப்பதாக இருந்தால் போடவே வேண்டாம். காற்றின் ஈரப்பதம் பகலில் 55 சதவீதத்துக்கு இறங்கி, ராத்திரி மழையில் 85க்கு ஏறும். தினம் இந்த ஊஞ்சல் ஆடினால் பத்து நாளில் பூச்சு பேசும்.

ஒளியமைப்பு_ஈப்போ:
இதில் எனக்குக் கருத்து வேறு. டிசம்பர் மழையில் மின்விசிறியை மட்டும் நம்பினால் மண்டபம் முழு நாளும் 80க்கு மேல் நிற்கும். 65, 70க்கு மேல் நின்றால் பூஞ்சணம் வரும், அச்சுப் படத்துக்கும் சேலைக்கும் அதுதான் பெரிய ஆபத்து. இரண்டு ஏர்கானை 24 மணி நேரமும் 26 பாகையில் ஓட விடலாம், கூட ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று. கரண்ட் பில்லை முதலிலேயே மண்டபத்தாரிடம் பேசிவிட வேண்டும்.

ஓவியச்சட்டம்:
24 மணி நேரமும் என்றால் எனக்கு ஆட்சேபமே இல்லை. அதற்கு மண்டபத்தார் ஒத்துக்கொள்ளாவிட்டால் தஞ்சாவூர் மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், நல்ல அளவில் புகைப்படம் எடுத்து வையுங்கள் என்பதுதான் என் நிலை. ஏனென்றால் பூச்சு உதிர்ந்தால் நம் ஊரில் திரும்ப ஒட்டிக் கொடுக்க ஆள் இல்லை.

ஈரமானியை வாங்கியவுடன் நம்பாதீர்கள். பாட்டில் மூடியில் அரைவாசி சமையல் உப்பு, நாலு சொட்டுத் தண்ணீர், களி போல நனைய வேண்டும், கரைந்துவிடக் கூடாது. ஈரமானியோடு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு 12 மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள். மண்டபத்தில் மூன்று வையுங்கள்: தட்டியின் பின்னால் ஒன்று, பேழைக்குள் ஒன்று, சமையல்கூடக் கதவருகில் ஒன்று. அன்னதான நாளில் மூன்றாவது எகிறும். அன்று அந்தக் கதவு மூடியே இருக்க வேண்டும், ஆவி மட்டுமில்லை, எண்ணெய்ப் புகையும் வரும். கற்பூரம், சாம்பிராணி ஓவியம் இருக்கும் பக்கம் வேண்டாம்.

ஓவியம் வாங்கும்போதே சோதனை: படத்தைக் கிடத்தி, அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் தரையோடு தரையாக அடியுங்கள். எழும்பிய இடம் நிழல் விடும். நிழல் தெரிந்தால் அந்தப் படத்தைச் செங்குத்தாக மாட்டாதீர்கள், காரிலும் படுக்கையாக, முகம் மேலே. கட்டைவிரலால் அழுத்தாதீர்கள், வெள்ளைப் பசை தடவாதீர்கள். அந்தப் பசை காய்ந்தால் பிரிக்க முடியாது, பின்னால் சரி செய்கிறவருக்கு வழியே இல்லாமல் போகும்.

மாட்டும் முறை: சட்டத்தின் இரு பக்கமும் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் டி வளையம், இரண்டு தனித்தனிக் கொக்கி. நடுவில் ஒரே ஆணியில் கயிற்றில் தொங்கினால் ஒருபக்கம் சாயும், கயிறு பழசானால் அறுந்துவிழும். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 செ.மீ. சக்கர நாற்காலியில் வருவோர் நிறைய என்றால் 140. சட்டத்தின் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிப் பின்னால் ஒரு செ.மீ. காற்று விடுங்கள்.

கித்தாக்காடு:
சாமிப் படங்களில் எது ரவிவர்மா அச்சகத்தது, எது பின்னால் வந்தது என்று எப்படிச் சொல்வது? குறிப்பில் தவறாக எழுதிவிடக் கூடாது.

ஓவியச்சட்டம்:
ரவிவர்மா 1906இல் மறைந்தார், அவர் அச்சகம் பம்பாயில் 1894இல் தொடங்கியது. ஆனால் அவர் படங்களைப் பின்னாலும் பலர் அச்சிட்டார்கள், அதனால் படத்தைப் பார்த்து மட்டும் வருஷம் எழுத முடியாது. பத்து மடங்கு காட்டும் கண்ணாடியால் முகத்தையும் கையையும் பாருங்கள். அவர் அச்சகம் பயன்படுத்திய கல்லச்சில் வண்ணப் புள்ளிகள் கையால் வைத்தவை, ஒழுங்கில்லாமல் தூவினாற்போல் பெரிசும் சிறிசுமாக இருக்கும். ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் வரிசையாக, சின்னச் சின்ன ரோஜா வட்டம் போல அணிவகுக்கும். அது பிற்காலத்தது. ஓரத்தில் அச்சகத்தின் பெயர் வரி இருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். சில படங்களில் துணியும் ஜிகினாவும் ஒட்டி உடுத்தி வைத்திருப்பார்கள், அது வீட்டு வேலைப்பாடு, அதையும் குறிப்பில் சொல்லுங்கள்.

எந்தப் படத்தையும் சட்டத்திலிருந்து கழற்ற வேண்டாம். பின்னட்டை அமிலத்தால் பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும், காகிதமும் அதோடு ஒட்டி வரும். சட்டத்தின் பின்னால் வெள்ளிமீன் பூச்சி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கண்ணாடி ஓவியம் வேறு ரகம். வண்ணம் கண்ணாடியின் உள்பக்கம். முன்பக்கத்தைத் துடைக்கும்போது திரவத்தைக் கண்ணாடிமேல் அடிக்காதீர்கள், ஓரத்தில் இறங்கி வண்ணத்துக்குப் போகும். லேசாக நனைத்த துணியால் நடுவில் துடைத்தால் போதும். வண்ணம் உதிர்ந்திருந்தால் கண்ணாடி கீழே, வண்ணம் மேலே என்று படுக்கையாக எடுத்துப் போங்கள்.

சுவரெழுத்து:
குறிப்பட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. 50 லக்ஸில் 14 புள்ளி (பாயிண்ட்) எழுத்து எழுபது வயது தாத்தாவுக்கு எறும்பு ஊர்கிற மாதிரி. தமிழுக்கு 26 புள்ளி, தலைப்புக்கு 40, வெளிர் பின்னணியில் கறுப்பு. பளபளக்கும் தாள் வேண்டாம், விளக்கு பிரதிபலிக்கும். தமிழ் எழுத்து இடம் அதிகம் பிடிக்கும், அதனால் முதலில் தமிழை எழுதி அளந்துவிட்டுப் பிறகு மலாய், ஆங்கிலத்துக்கு இடம் ஒதுக்குங்கள். ஒரு பொருளுக்குத் தமிழில் 40 சொல் தாண்டினால் யாரும் நின்று படிப்பதில்லை.

என்ன பொருள், எதனால் செய்தது, எப்படிச் செய்தது, எந்த ஊர் வேலை, ஏறக்குறைய எக்காலம். இந்த ஐந்தும் முதலில். வருஷம் உறுதியில்லாவிட்டால் "20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி" என்று எழுதுங்கள், "நூறு வருஷப் பழமை" என்று அடித்துவிட வேண்டாம். லாபு சாயோங்குக்கு நல்ல குறிப்பு வரும்: பக்கத்துக் கோலகங்சாரின் சாயோங்கில் செய்வது, சுட்ட சூட்டோடு உமியில் புதைப்பதால் கறுப்பு ஏறுகிறது, பூச்சு இல்லாத மண் என்பதால் தண்ணீர் கசிந்து ஆவியாகி உள்ளே குளிர்கிறது. சேலை, விளக்கு பார்க்க வரும் தமிழ்ப் பிள்ளைகள் பக்கத்து ஊர் மண்வேலையையும் தெரிந்துகொண்டு போகட்டும்.

ஆட்களுக்கு ஒரு முன்மாதிரி வேண்டுமென்றால் தைப்பிங்கில் இருக்கும் பேராக் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். 1883இல் தொடங்கியது. கோலாலம்பூர் போக முடிந்தால் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் துணிகளுக்கு எவ்வளவு வெளிச்சம் விட்டிருக்கிறார்கள், குறிப்பை எந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று அளவுநாடாவோடு பார்க்கலாம்.

கித்தாக்காடு:
மண்டபத்தாரோடு பேசியாயிற்று. இரண்டு ஏர்கான் இரவும் பகலும் ஓடும், செலவைப் பங்கு போடுகிறோம். தஞ்சாவூர் மூன்றில் ஒன்றில் டார்ச் அடித்தால் கிரீடத்துப் பக்கம் நிழல் விழுகிறது. அதை மட்டும் நீக்கிவிட்டோம். கித்தா ஷீட்டு வெளி மேசைக்குப் போய்விட்டது. இரவல் பத்திரத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

பட்டுநூல்:
பொருளின் எண், அளவு, கொடுத்த தேதி, திருப்பும் தேதி, மதிப்பு ரிங்கிட்டில் (வீட்டுக்காரர் சொல்வது), அவர் பெயரைக் குறிப்பட்டையில் போடலாமா கூடாதா என்பது. அதோடு நிலைக்குறிப்பு: முன், பின், இரு பக்கம் என நான்கு புகைப்படம், படத்தில் அளவுகோல் தெரிய வேண்டும். ஏற்கெனவே உள்ள கிழிசல், கீறல், கறை ஒவ்வொன்றுக்கும் வட்டம் போட்டு, "முந்தானை ஓரத்திலிருந்து 22 செ.மீ., 3 செ.மீ. கிழிசல்" என்று எழுதுங்கள். இரண்டு பேர் கையெழுத்து. எண்ணை ஸ்டிக்கராக ஒட்டாமல் பருத்தி நாடாவில் பென்சிலால் எழுதிக் கட்டுங்கள். தங்க நகை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அதற்கு வேண்டிய பாதுகாப்பு மண்டபத்தில் இல்லை.

வெங்கலமணி:
முடியும் நாளில்தான் பொருட்கள் அதிகம் உடையும், எல்லாருக்கும் அவசரம் இருக்கும். கடைசி நாள் மாலை ஆறு மணிக்குக் கூட்டம் போனதும் உடனே கழற்றத் தொடங்காதீர்கள். மறுநாள் காலை, மாட்டிய அதே ஆட்கள், நிலைக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறக்கட்டும். சேலையை எடுத்தவுடன் மடிக்காமல் உருட்டியபடியே குழாயோடு வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள், குழாயின் செலவு பெரிசில்லை. அங்கேயே புகைப்படத்தோடு ஒப்பிட்டு அவர் கையெழுத்து வாங்கிய பிறகு அடுத்த வீட்டுக்குப் போங்கள்.